கேட்காமல் செய்யும் நன்மை

கை சுத்தமான ஒருவர் ஆட்சியில் இருக்கிறார். படித்தவர், சிக்கனமானவர், மக்களுக்கு எது நல்லது என்று உண்மையாகவே கவலைப்படுகிறவர். நெடுநாள் யோசித்து ஒரு முடிவுக்கு வருகிறார். அந்த முடிவை, அது யாரைப் பற்றியதோ அவர்களிடம் கேட்காமலே உத்தரவாக்க அவருக்கு அறம் இடம் கொடுக்கிறதா?

ஊழல்வாதியின் ஆட்சியில் இந்தக் கேள்வி எழுவதில்லை. அங்கே விடை முன்கூட்டியே தெரியும். நல்லவரின் ஆட்சியில்தான் இது கடினமாகிறது. தமிழ்நாட்டில் இதற்கு விடை தேடுகிறவர் ஓசூருக்கு அருகே உள்ள தொரப்பள்ளியிலிருந்து தொடங்குவதே முறை. அந்த ஊர் முன்சீப்பின் மகனாக 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. ஓசூரில் பள்ளி, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டம், சென்னையில் சட்டம், சேலத்தில் வக்கீல் தொழில் என்று போனது அவர் பாதை. 1937 முதல் 1939 வரையிலும், மீண்டும் 1952 முதல் 1954 வரையிலும் சென்னை அரசுக்குத் தலைமை தாங்கினார். இடையில் 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல். அவருடைய நேர்மையை எதிரிகளும் சந்தேகித்ததில்லை. அதனால்தான் அவர் போட்ட உத்தரவுகள் இந்த வழக்குக்குச் சரியான சாட்சியங்கள்.

முதல் ஆட்சியின் நல்ல பக்கத்திலிருந்து பார்க்கலாம். 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு 1937 அக்டோபர் வரை நிலுவையாகியிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. லேவாதேவிக்காரர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் சென்றபோது, அழைத்துச் சென்றவர்களைக் காக்கும் சட்டத்தை ராஜாஜி அரசு உடனே கொண்டுவந்தது. அப்போது ஊர் ஊராக வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகம். கேட்காமல் செய்தது அங்கே சரி. ஒருவர் கழுத்தின் மேல் இன்னொருவர் கால் இருக்கும்போது, காலை எடுக்கச் சொல்ல, கால் வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டியதில்லை.

ஆகவே, மக்களைக் கேட்காத ஆட்சி எல்லாமே தவறு என்று சொல்லிவிட முடியாது. எங்கே கேட்க வேண்டும், எங்கே கேட்க வேண்டியதில்லை என்று கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது.

அதே ஆட்சிதான் 1938-இல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. மறியல் செய்தவர்கள் மேல் பாய்ந்தது குற்றவியல் திருத்தச் சட்டம். சுதந்திரப் போராட்டக்காரர்களை அடக்க வெள்ளையர் வைத்திருந்த சட்டம் அது. வேதாரண்யத்தில் உப்பு எடுத்துச் சிறை சென்றவரின் அரசு, பள்ளி வாசலில் முழக்கமிட்டவர்களை அந்தச் சட்டத்தால் சிறைக்கு அனுப்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்தின்போது இறந்தார்கள். பின்னாளில் ராஜாஜியே இந்தித் திணிப்பைக் கடுமையாக எதிர்த்தார். கருத்து மாறியது அவருக்குப் பெருமை. ஆனால் கேட்காமல் போட்ட உத்தரவின் விலையை அதற்குள் வேறு இருவர் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

மதுவிலக்கு இவ்வளவு எளிதாகத் தீர்ப்புக்கு வருவதில்லை. 1937 அக்டோபர் 1 அன்று அது முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில். இன்றைய ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. ஓசூருக்கு ஒரு நடை தூரத்தில் மைசூர் சமஸ்தானம்; அங்கே மதுவிலக்கு இல்லை. கள் இறக்கியவர்களின் பிழைப்பு போனது. அரசுக்குப் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. அந்த வரியின் வாரிசாகத்தான் ஓசூரை ஒட்டிய ஜூஜூவாடியில் வணிகவரிச் சோதனைச் சாவடி நின்றது; லாரி ஓட்டுநர்கள் சரக்குச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முத்திரைக்காகக் காத்துக் கிடந்தார்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகே அது ஓய்ந்தது.

குடிக்கிறவரைக் கேட்டால் மதுவிலக்கு வேண்டாம் என்பார். கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போகிறவரின் மனைவியைக் கேட்டால் வேறு பதில் வரும். அவளும் யாரிடமும் சம்மதம் சொல்லிவிட்டு அந்தத் துன்பத்தை ஏற்கவில்லை. இந்தச் சட்டத்தில் ஒருவருடைய விருப்பமும் இன்னொருவருடைய விடுதலையும் ஒரே வீட்டுக்குள் மோதுகின்றன. ராஜாஜி அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். 1971-இல், தொண்ணூறு வயது கடந்த பின்பும், மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய்க் கேட்டுக்கொண்டார். அந்த முதியவரின் நெஞ்சு யாருக்காக அடித்துக்கொண்டது என்பதில் ஐயமில்லை. கடன் சட்டம், கோயில் நுழைவு ஆகியவற்றின் பக்கத்தில் மதுவிலக்கையும் வைக்கலாம். முழு உறுதியோடு அல்ல, சற்றுத் தயக்கத்தோடு.

1953-ஐ அப்படி வைக்க வழியே இல்லை.

அந்த ஆண்டு ஜூனில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய முறை வந்தது. ஒரு பிரிவுக்குக் காலையில் மூன்று மணி நேரம், இன்னொரு பிரிவுக்குப் பின்னர் மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

திட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் தர முயல வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லியிருந்தது. பணம் இல்லை, கட்டடம் இல்லை, ஆசிரியர் போதவில்லை. அதே அறையில், அதே ஆசிரியரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளை உட்கார வைக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. கைத்தொழிலோடு கல்வி என்பது காந்தி சொன்னதுதான். உழைப்பைக் கேவலமாக நினைக்கும் படித்த வர்க்கம் உருவாகிவிடக் கூடாது என்ற கவலையும் பொய்யில்லை. சாதி என்ற சொல் உத்தரவின் நோக்கத்தில் இல்லை.

ஆனால் கிராமத்தில் அப்பாவின் தொழில் என்றால் அது எது? சலவைத் தொழிலாளியின் மகன் பிற்பகலில் துறைக்குப் போவான். சவரத் தொழிலாளியின் மகன் அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவான். செருப்புத் தைப்பவரின் மகன் தோலை ஊற வைப்பான். கர்ணத்தின் மகன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவான். எல்லாருக்கும் ஒரே உத்தரவு, ஒரே மூன்று மணி நேரம். மாலையில் வீடு திரும்பும்போது ஒவ்வொருவரும் பிறந்த இடத்திலேயே இன்னும் ஒரு முழம் ஆழமாக ஊன்றப்பட்டிருப்பார்கள். இதைப் பார்க்க நோக்கம் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

இதைவிட ஆழமான இன்னொன்றும் இருக்கிறது. தொரப்பள்ளி முன்சீப் தம் மகனைப் பாதி நாள் பள்ளிக்கும் பாதி நாள் கிராமக் கச்சேரிக்கும் அனுப்பவில்லை. மகன் எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் படிக்கப் போக விட்டார். அந்தச் சிறுவன் தந்தையின் தொழிலிலிருந்து விலகி நடந்ததால்தான் நாட்டுக்கு ஒரு கவர்னர் ஜெனரல் கிடைத்தார். தனக்குக் கிடைத்த அந்த வாசலை மற்றப் பிள்ளைகளுக்கு அரை நாள் சாத்தி வைக்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? அறிவிலிருந்தும் வர முடியாது, தியாகத்திலிருந்தும் வர முடியாது. அந்தப் பெற்றோர்தான் தந்திருக்க முடியும். அவர்களிடம் கேட்கப்படவில்லை. சொந்தக் கட்சியிலும் கலந்து பேசப்படவில்லை. சட்டமன்றத்துக்கும் முதலில் உத்தரவுதான் போனது. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு 1953 ஜூலையில் ஆதரவாக 138, எதிராக 138 என்று வாக்குகள் விழுந்தன. பிறகு வல்லுநர் குழுவுக்கு அனுப்ப முடிவானது. 1954 வசந்தத்தில் ராஜாஜி விலக, ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததற்குத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது என்ற வாதத்தையும் மதிக்க வேண்டும். ஓசூரில் சிப்காட் வரும், அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வரும் என்று 1953-இல் யாருக்கும் தெரியாது. பள்ளி முடித்த இளைஞர்களைச் சிற்றூர்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் டைட்டன் ஓசூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. கைக்கடிகாரம் செய்வது எந்தக் குலத்தின் தொழிலும் அல்ல. இது தெரியாததுதான் அரசின் பலவீனம். ஆகவேதான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தை நாற்பது வயதில் என்னவாக இருக்கும் என்று எந்த முதல்வருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனும் இதே பள்ளத்தில் விழுந்தவர். அரசின் கை நீளக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் பேசியவர், 1807 டிசம்பரில் வெளிநாட்டு வணிகத்துக்கே தடை போட்டார். பிரிட்டனோடும் பிரான்சோடும் போர் மூளாமல் தடுக்க வேண்டும் என்பது நோக்கம். துறைமுகங்கள் வெறிச்சோடின, மாலுமிகள் வேலை இழந்தார்கள், வெர்மான்ட் வழியாகக் கனடாவுக்குக் கள்ளச் சரக்கு போனது. அதைத் தடுக்க இன்னும் கொடிய சட்டம் தேவைப்பட்டது. பதவி முடிய மூன்று நாள் இருக்கும்போது, 1809 மார்ச் 1 அன்று, தடையை நீக்கும் சட்டத்தில் அவரே கையெழுத்திட்டார். ரத்தம் சிந்தாமல் போரைத் தவிர்க்க நினைத்தது உயர்ந்த எண்ணம்தான். விலை கொடுப்பவர்களின் இசைவைப் பெறாமல் விலையை மட்டும் நிர்ணயித்ததுதான் குற்றம்.

கோடு இங்கேதான் விழுகிறது. ஒருவர் மேல் இன்னொருவருக்கு இருக்கும் பிடியைத் தளர்த்தும் சட்டம், பிடித்திருப்பவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. யாரையும் அழுத்தாத ஒருவரின் வாழ்க்கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் சட்டம், அவரைக் கேட்காமல் வரக்கூடாது. இந்த அளவுகோல் தமிழர்களுக்கும் பொருந்தும். 2006-ஆம் ஆண்டின் கட்டாயத் தமிழ்ச் சட்டம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்தபோது, தெலுங்கிலும் கன்னடத்திலும் படித்துவந்த ஓசூர்ப் பகுதிப் பிள்ளைகள் தவித்தார்கள். விலக்கு கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 1938-இல் நமக்கு வலித்தது அவர்களுக்கு வலிக்காது என்று நினைக்க நமக்கு உரிமை இல்லை.

இன்று அந்த மண்ணில் கேள்வி நிலத்தின் உருவத்தில் வந்து நிற்கிறது. தொழிற்சாலை வேண்டும், வேலை வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தபோது, தக்காளியும் ராகியும் ரோஜாவும் விளைவித்தவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் யார் கழுத்தின் மேலும் கால் வைத்தவர்கள் அல்லர். தனியார் திட்டம் என்றால் நில உரிமையாளர்களில் 80 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்கிறது 2013-இன் மத்தியச் சட்டம். தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நில எடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. கூட்டுப் பண்ணைத் திட்டத்தை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜி, உழவனின் நிலத்தை அவன் விருப்பமின்றித் தொடக்கூடாது என்றுதான் கடைசிவரை வாதாடினார். 1953-இல் பிள்ளைகள் விஷயத்தில் அவர் தவறவிட்டதை நில விஷயத்தில் சரியாகப் பிடித்திருந்தார்.

ஆகவே தமிழக அரசுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்த நிலத்தையும் அளக்கும் முன், அந்தந்த ஊராட்சியின் கிராமசபையில் திட்டத்தை முழுவதும் வையுங்கள். ஓசூர்ப் பக்கம் என்றால் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் படித்துக் காட்டுங்கள். பட்டா வைத்திருப்பவரோடு நிறுத்தாமல் குத்தகைக்காரரையும் களையெடுக்கப் போகும் பெண்களையும் கேளுங்கள். சம்மதம் வேண்டும் என்ற பிரிவை 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கும் திருத்தத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள்.