மருந்தில்லாக் கோழி

போன தீபாவளிக்கு ஆண்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது என்று லேபிள் ஒட்டிய கோழி ஒன்றை வாங்கிப் போனேன். பசார் கோழியைவிடப் பல வெள்ளி அதிகம். அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சீக்கு வந்தா அந்தக் கோழிய என்னடா பண்ணுவாங்க?"

நான் தயாராக வைத்திருந்த பிரசங்கம் வேறு. பென்சிலினைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று ஃபிளெமிங் 1945 நோபல் உரையிலேயே எச்சரித்தார். சில ஆண்டுகளில், எடை கூடட்டும் என்று, கோழித் தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கலக்கத் தொடங்கிவிட்டார்கள். கோலிஸ்டின், வேறெதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக எடுக்கும் மருந்து. அதை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். மலேசியா 2019இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது.

ஆனால் மருந்தை நிறுத்தினால் கிருமி திருந்திவிடுமா? அமெரிக்காவில் 2005இல் என்ரோஃபுளோக்சாசினைக் கோழிகளுக்குத் தடைசெய்தார்கள். அதே ஆண்டு வந்த ஓர் ஆய்வில், மருந்தே கொடுக்காத கோழிகளின் வயிற்றிலும், எதிர்ப்புப் பெற்ற கேம்பிலோபாக்டர் மற்றதை முந்திப் பெருகியது. லேபிள் ஒட்டிய கோழியிலும் அது இருக்கலாம். குழம்பில் நன்றாகக் கொதித்தால் இரண்டு கோழியின் கிருமியும் செத்துவிடும். அப்படியென்றால் கூடுதல் காசுக்கு நான் வாங்கியது என் பாதுகாப்பை இல்லை. முகம் தெரியாத யாருக்கோ, என்றோ ஒருநாள், மருந்து வேலை செய்யட்டும் என்று கொடுத்த சிறு பங்கு. அதில் எனக்கு வருத்தமில்லை.

அம்மாவின் கேள்விதான் உறுத்துகிறது. தோட்டத்தில் பாட்டி வளர்த்தது பத்துப் பதினைந்து கோழிகள். ஒன்று தூங்கி வழிந்தால் தனியாகப் பிடித்துக் கூடையில் கவிழ்த்து, மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊட்டுவார். பண்ணைக் கொட்டகையில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அங்கே சீக்குக் கோழியை மட்டும் பிடித்து மருந்து கொடுக்க முடியாது. குடிநீரில் கலந்தால் எல்லாமே குடிக்கும். கொடுத்தால் லேபிள் போய்விடும், விலையும் போய்விடும். அதனால் இன்னும் ஒருநாள் பார்ப்போமே என்று பண்ணைக்காரர் நினைத்தால், அந்த ஒருநாளுக்கான காசை நானும்தானே கொடுத்திருக்கிறேன்? சீக்கு வந்த உயிருக்கு மருந்து கொடுப்பது தப்பில்லை என்றே நினைக்கிறேன். சீக்கு வந்தே தீரும்படி அடைத்து வளர்ப்பதுதான் தப்பு. அதைப் பற்றி லேபிளில் ஒரு வரியும் இல்லை.

"மருந்து கொடுத்து, சாதாரணக் கோழியா வித்துடுவாங்கம்மா," என்றேன். கொடுக்காமல் விடுவதும் உண்டு என்பதைச் சொல்லவில்லை.

"அப்போ சரி," என்று குழாயைத் திறந்து கோழியைக் கழுவ ஆரம்பித்தார்.

"கழுவாதீங்கம்மா, கிருமி தெறிக்கும்."

"கழுவாம எப்படிடா சமைக்கிறது?"

தண்ணீர் நறுக்கி வைத்த தக்காளி வரை தெறித்தது.