பெயர் வந்து சேரும் வரை

அம்மாவுக்கு 78 வயது. போன மாதம் ஒரு மாலையில், சின்ன வயதில் தான் குடியிருந்த தெருவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் பெயரில் வந்து பேச்சு நின்றுவிட்டது. விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன. "நெஞ்சுக்குள்ள நிக்குது, வாய்க்கு வரமாட்டேங்குது" என்றார். நான் பொறுக்காமல் மூன்று பெயர்களை எடுத்துக் கொடுத்தேன். மூன்றும் இல்லை. "சரி, விடு" என்று எழுந்து போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து அடுப்படியிலிருந்து அந்தப் பெயர் வந்தது. கதை வரவில்லை.

முதுமையில் மூளை முதலில் விட்டுக்கொடுப்பது வேகத்தைத்தான். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை நலிய, செய்தி ஓடுவது மெதுவாகிறது. புதியவற்றைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்குகிறது. ஆனால் சேர்த்து வைத்தது அத்தனையும் அதோடு போய்விடுவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாய் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மனிதர்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். வேகம் இளமையிலேயே இறங்கத் தொடங்குவதையும், சொல்வளம் அறுபதைத் தாண்டியும் நிற்பதையும் அதில் கண்டார்கள். பொருள் உள்ளேதான் இருக்கிறது. தேடி எடுக்க நேரமாகிறது. அதிலும் ஆட்களின் பெயர் கடினம். தொழிலையோ முகத்தையோ பிடித்துக்கொண்டு பெயரை எட்டிவிட முடியாது.

அந்த நேரத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. தாமதத்தைக் கண்டதும் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். காது மந்தமானவருக்கு இன்னும் கொடுமை. இரண்டாம் முறை கேட்டால் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறோம். மெல்லப் பேச்சிலிருந்தே அவர் ஒதுங்கிவிடுகிறார். மறதி நோய்க்கு இட்டுச்செல்லும், நம்மால் சரிசெய்யக்கூடிய காரணங்களில் செவித்திறன் குறைபாட்டை முன்வரிசையில் வைக்கிறது லான்செட் மருத்துவ இதழின் ஆணையம். காதுக் கருவி வாங்கித் தருவதைத் தள்ளிப்போடும் பிள்ளைகள் இதை அறிய வேண்டும்.

எல்லா மறதியும் வயதின் மறதி அல்ல. பழகிய தெருவில் வழி தவறினால், நாள்தோறும் செய்த சமையலின் வரிசை குழம்பினால், மருத்துவரிடம் போயாக வேண்டும். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும்கூட இப்படிக் காட்டும். அவற்றுக்கு மருந்து உண்டு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற பெரும்பாலோருக்கு நாம் தர வேண்டியது பொறுமைதான்.

சென்ற வாரம் அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "அம்மாவுக்கு என்ன பண்ணுது?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினேன். முந்தானை நுனி சுருண்டது, பிரிந்தது, மறுபடி சுருண்டது. வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"ராத்திரியில பயமா இருக்கு, டாக்டர்" என்றார் அம்மா. "ரொம்ப நாளா."

எனக்கு அது தெரியாது.