மடியிற் கனம் யாருக்கு, வழியிற் பயம் யாருக்கு?

மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம் என்பது நம் முன்னோர் வாக்கு. பொன்னும் பணமும் முடிந்துகொண்டு காட்டுவழி நடந்தவனுக்குக் கள்வர் பயம் உண்டாதல் இயல்பே. ஆனால் அப்பழமொழி தலைகீழாய் மாறும் இடம் ஒன்று உண்டு. கனம் ஒருவன் மடியில் இருக்கிறது. பயமோ அவனுக்கு எதிரே வருபவனைப் பற்றுகிறது. மடியில் இருப்பது பணமாயிராமற் கைத்துப்பாக்கியாக இருந்துவிட்டால் அப்படித்தான் ஆகும்.

சுங்கை காடுட் பெருநகரமன்று. சிரம்பானுக்குத் தெற்கே, ஒருபுறம் தொழிற்சாலைகளும் மறுபுறம் வீடமைப்புப் பகுதிகளும் நெருக்க, பால்மரமும் செம்பனையும் பின்வாங்கிக்கொண்டிருக்கும் ஊர். இவ்வூர்ச் சாப்பாட்டுக் கடையிலோ இரவுச் சந்தையிலோ, சட்டையை வெளியே விட்டிருக்கும் ஒருவர் குனிந்து நாற்காலியை இழுக்கும்பொழுது, இடுப்பின் ஒருபுறம் துணி தூக்கி நிற்பதும், அதனடியிற் கருநிறப் பிடியொன்றின் நுனி தெரிந்து மறைவதும் எப்போதேனும் கண்ணிற் படுவதுண்டு. கண்டவர் கண்டும் காணாதவர்போலத் தேநீர்க் கோப்பையை நோக்குகிறார். பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில் தொடர்கிறது. வந்தவர் சாதாரண உடையணிந்த போலீஸ்காரராயிருக்கலாம். முறைப்படி அனுமதி பெற்றவராயிருக்கலாம். இவ்விரண்டும் அல்லாதவராகவும் இருக்கலாம். அந்த ஒரு கணத்தில் நம் மனத்துள் நிகழ்வது யாது? கண்ட கண்ணுக்குக் கடமை ஏதேனும் உண்டா? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஆயுதம் பொதுவிடத்தில் மூன்று நிலைகளில் உலவக் காண்கிறோம். முதலாவது, வெளிப்படையாக நிற்பது. வங்கி வாசலிற் காவலாளி நீண்ட துப்பாக்கியைத் தாங்கி நிற்கிறார். அவர் பக்கத்தில் நின்றே நம் பெண்கள் வரிசை பிடித்து ஊர்க்கதை பேசுகின்றனர். அவருக்குச் சீருடை உண்டு; அச்சீருடையில் ஒரு பெயர் உண்டு; தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, முற்றும் மறைந்திருப்பது. அதில் அபாயம் மிகுதி. எனினும் அது வெளிப்படும்வரை நம்மை ஆள்வதில்லை. மூன்றாவதுதான் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, மறைத்தும் மறையாததுமான நிலை. அது நம்மை ஆள்கிறது. ஆனால் இன்னார் அதிகாரத்தால் ஆள்கிறேன் என்று சொல்வதில்லை. "நான் காட்டவில்லையே" என்று சொல்லித் தப்பிக்கவும் அதற்கு வழியுண்டு; "நீ பார்த்தாயல்லவா" என்று மிரட்டவும் வழியுண்டு.

இப்படிச் சொல்வதால், இடுப்புப் புடைத்த ஒவ்வொருவரும் வேண்டுமென்றே மிரட்டுகிறார் என்று நாம் கூற வரவில்லை. இந்நாட்டு வெயிலில் கோட்டு அணிந்து திரிவார் இல்லை. மெல்லிய பருத்திச் சட்டைக்குள் இரும்பை ஒளிப்பது எளிய காரியமன்று. அணிந்தவரின் உள்ளக்கருத்து நமக்குத் தெரியாது. ஆனால் பார்ப்பவரின் உள்ளத்தில் நிகழ்வதை நாம் அறிவோம், அதைப்பற்றியே பேசுகிறோம்.

துணி புடைத்திருப்பதைக் கண்டவுடன் நம் கண் அடுத்தபடி எங்கே போகிறது? முகத்துக்குப் போகிறது. மயிர் ஒட்ட வெட்டி, நல்ல காலணி அணிந்து, கார்ச் சாவியை மேசைமேல் வைப்பவராயின், "யாரோ பெரிய அதிகாரி" என்று மனம் தீர்ப்பளித்து அடங்குகிறது. அதே புடைப்பு நம் தோட்டத்து இளைஞன் ஒருவன் இடுப்பில் தோன்றட்டும். காலில் ரப்பர்ச் செருப்பும் கையிற் பச்சையும் இருக்கட்டும். "குண்டர் கும்பல்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவன் இடுப்பிலிருப்பது மரம் வெட்டும் கத்தியுறையோ தொலைபேசிப் பையோ என்று பார்க்கவும் நமக்குப் பொறுமை இருப்பதில்லை. ஆக, நம் கண் இரும்பைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்துவிட்டு இரும்புக்கு விலை போடுகிறது. அயலார் நம் பிள்ளைகளை இவ்வாறு பார்க்கின்றனர் என்று நாம் மனம் நோகிறோம்; நம் கண்ணும் அதே பள்ளியிற் படித்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்பள்ளி எது? நம் தோட்டங்களின் சரித்திரமே அது. துப்பாக்கி தோட்டத்துக்குள் வருமுன்னரே பயத்துக்கு மரியாதை என்று பெயர் சூட்டும் வழக்கம் இங்கு வேரூன்றிவிட்டது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. துரையின் முன்னும் தோட்ட உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளை விட்டிறங்காமற் செல்லும் உரிமையையும் கேட்டனர். தோட்ட உத்தியோகஸ்தர் எனில் கிராணிமாரும் அவருள் அடங்குவர் என்பதைத் தோட்டத்து ஆபீசில் இன்று கணக்கெழுதும் நாம் மறைத்துப் பேசுதல் முறையன்று. சைக்கிளை விட்டிறங்கியவன் மனத்தில் இருந்தது மரியாதையா பயமா என்று அந்நாளில் யாரும் கேட்கவில்லை. அவ்வேலைநிறுத்தம் படைபலத்தால் அடக்கப்பட்டது.

ஏழாண்டுகள் கழிந்தன. 1948 ஜூன் 16 அன்று பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, 1960 ஜூலை இறுதிவரை நீடித்தது. துரைமார் இடுப்பில் ரிவால்வர் ஏறியது அக்காலத்தில்தான். துரை மலையேறினாலும் கிளப்புக்குப் போனாலும் அதுவும் உடன் போயிற்று. அவருக்கு உயிர்ப்பயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. காட்டிலிருந்து வந்த துப்பாக்கியும் கங்காணியையும் தொழிலாளியையும் வாழவிட்டதென்று கூற முடியாது. ஆயினும் துரையின் இடுப்பிலிருந்த ரிவால்வரை நாளடைவில் யாரும் காணவில்லை. அது அவர் தொப்பியைப்போல, கைத்தடியைப்போல உடையின் ஒரு பகுதியாகிவிட்டது.

அதே காலத்தில் வேறொருவரிடம் கண்ட கைத்துப்பாக்கியை எல்லோரும் கண்டனர். அவர் எஸ். ஏ. கணபதி, தமிழ்நாட்டிற் பிறந்து இந்நாட்டுக்கு வந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர். 1949 மார்ச்சில், கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. யாரையும் சுட்டார் என்பது குற்றச்சாட்டன்று, வைத்திருந்தார் என்பதே. அவசரகால விதிகளின்படி அனுமதியின்றி ஆயுதம் தாங்கியதற்குத் தண்டனை மரணம் ஒன்றே. அவர் உயிரைக் காக்கும்படி இந்திய சர்க்கார் முயன்றும் பயனில்லை. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன், நமது நெகிரி செம்பிலானில், ஜெலுபு வட்டாரத்தில் பாதுகாப்புப் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கணபதியின் கொள்கை சரியா தவறா என்பது இங்கு வழக்கன்று. துப்பாக்கி ஏந்தித்தான் நியாயம் பெறலாம் என்பாரோடு நமக்கு உடன்பாடும் இல்லை. நாம் சொல்ல வந்தது வேறு. ஒரே வகை இரும்பு. ஓரிடுப்பில் அது உடையாயிற்று, ஓரிடுப்பில் தூக்குக்கயிறாயிற்று. நடுவில் இருந்தது அனுமதிப் பத்திரம் என்னும் காகிதம் என்பர். உண்மைதான். ஆனால் அக்காகிதத்தை யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எந்நியாயத்தின்மேற் கொடுத்தார் என்று கேட்கும் உரிமை அந்நாளில் தோட்டத்து மக்களுக்கு இருந்ததில்லை. கேளாமலே பழகிப்போன கண்தான் நமக்குப் பரம்பரைச் சொத்தாக வந்திருக்கிறது.

கண் ஆளை மட்டும் பார்ப்பது ஒரு பிழை என்றால், சட்டம் இரும்பை மட்டும் பார்ப்பது மற்றொரு பிழை. சுதந்திரத்துக்குப் பின்னும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், துப்பாக்கியை வைத்திருந்ததற்கே மரணதண்டனை கட்டாயமாயிருந்த காலம் உண்டு. 1977 இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவ்வாறு மரணதண்டனை விதிக்கப்பட்டது. வயதைப் பார்க்கவும் உள்ளத்தைப் பார்க்கவும் நீதிபதிக்கு இடமில்லை. உலகெங்கும் கூக்குரல் எழுந்தபின், கருணையால் அவன் உயிர் தப்பினான். அச்சட்டம் 2012 இல் நீக்கப்பட்டது. கட்டாய மரணதண்டனையும் 2023 இல் ஒழிக்கப்பட்டு, தண்டனையை நிறுத்துப் பார்க்கும் உரிமை நீதிமன்றத்துக்குத் திரும்ப வந்தது. இன்று சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுகள்வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. இரும்பையும் பார்க்க வேண்டும், ஆளையும் பார்க்க வேண்டும், ஒன்றைக்கொண்டு மற்றதை மறைத்துவிடலாகாது என்னும் பாடத்தைச் சட்டம் படிப்படியாகக் கற்றுவருகிறது. நம் கண் கற்கலாகாதா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். "காணும் ஒவ்வோர் இடுப்பையும் சந்தேகித்தால் மனிதர் எப்படிக் கூடி வாழ்வது? சந்தேகமே ஒரு பாவமன்றோ?" என்பர் சிலர். இது தள்ளத்தக்க கேள்வியன்று. 1948 ஜனவரி 20 அன்று தில்லியில் காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதன்பின் கூட்டத்துக்கு வருவோரைச் சோதனை செய்ய வேண்டுமென அதிகாரிகள் விரும்பினர், அடிகள் இணங்கவில்லை. பிரார்த்தனைக்கு வருபவன் மடியைத் தடவிப் பார்ப்பது அவருக்கு ஒவ்வாததாயிற்று. பத்து நாள் கழித்து, வணங்குவான்போல முன்வந்தவன் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் மும்முறை சுட்டான். கைகூப்பித் தொழும் பகைவனிடத்தும் கருவி ஒளிந்திருக்கக்கூடும் என்று வள்ளுவர் கூடாநட்பு அதிகாரத்தில் எச்சரித்திருப்பதை இந்நிகழ்ச்சியோடு சேர்த்து எண்ணாதார் இல்லை.

அடிகள் தமக்கு நேரக்கூடிய அபாயத்தைத் தாமே ஏற்றார். அஃது அவர் பெருமை. ஆனால் பிறர்க்கு நேரக்கூடிய அபாயத்தைக் கண்டும் வாய்மூடி இருப்பவன் அப்பெருமையிற் பங்கு கேட்க முடியாது. 2024 ஏப்ரல் 14 அன்று அதிகாலை, கோலாலம்பூர் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் ஒருவன் தன் மனைவியைக் குறிவைத்துச் சுட்டான். குண்டு பட்டுக் கிடந்தவர் அப்பெண்ணுக்குக் காவலாக வந்தவர். பயணிகள் நிறைந்து நிற்கும் பொதுவிடத்தில் ஒருவன் மடியிலிருக்கும் இரும்பு அவனுடைய சொந்த விஷயம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே சந்தேகம் வேறு, கவனம் வேறு என்று பிரித்தறிதல் வேண்டும். சந்தேகம் ஆளைக் கண்டு பிறப்பது. கவனம் செய்கையைக் கண்டு பிறப்பது. அமெரிக்காவிற் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிப் பத்திரமின்றியே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அங்கே இடுப்பிற் புடைப்பைக் கண்டவன், குற்றம் கண்டதாகச் சொல்ல வழியில்லை. நம் நாட்டில் அப்படியன்று. 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் ஒருவரும் துப்பாக்கி வைத்திருத்தலாகாது. ஆதலால் இங்கே "இவருக்கு அனுமதி உண்டா?" என்று மனத்துட் கேட்பது மரியாதைக் குறைவன்று, சட்டம் கேட்கும் கேள்வியையே குடிமகனும் கேட்கிறான்.

கேட்பது எவ்வாறு? வீரம் காட்டி அவரெதிரில் நின்று கேட்க வேண்டும் என்று நாம் ஒருநாளும் சொல்லோம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு அமைதியாக விலகி, ஆளின் அடையாளத்தையும் இடத்தையும் மனத்திற் குறித்துக்கொண்டு, போலீஸ் நிலையத்துக்குச் சொல்லுதலே அறிவுடைமை. அவரே நம்மை நிறுத்தி, தாம் போலீஸ்காரர் என்று சொல்வாராயின், அவருடைய அதிகார அட்டையைக் காட்டும்படி பணிவாகக் கேட்கலாம். அஃது நம் உரிமை. நீல அட்டை இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்டோரும் வைத்திருப்பது. மஞ்சள் அட்டை அவருக்குக் கீழ்ப்பட்டோருடையது. சிவப்பு அட்டையெனில் பணியிடைநீக்கம் பெற்றவர், அவருக்கு அதிகாரமில்லை. நேர்மையான அதிகாரி இக்கேள்விக்குச் சினங்கொள்ளார். சட்டம் தமக்குக் கொடுத்த காகிதத்தைக் காட்டுவதால் அவர் கௌரவம் ஓரணுவும் குறையாது.

இதைவிட முக்கியமானது கேள்வியில் நடுநிலை. தோட்டத்து இளைஞனைக் கண்டால் உடனே போலீசுக்குச் சொல்வதும், கார்ச் சாவிக்காரரைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்வதும் குடிமைக் கடமையாகாது. அது பழைய சைக்கிள் வழக்கமே, வேறுருவில். ஒருவனுக்கு இறங்குவோம், மற்றவனை இறக்குவோம் என்பதே அதன் பொருள். நமக்குப் பயமுண்டாவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரும்பைக் கண்டு அஞ்சாதார் யார்? அப்பயத்தை எளியவனிடத்துக் கோபமாகவும் வலியவனிடத்து மரியாதையாகவும் மாற்றிக்கொள்வதிலேதான் வெட்கமிருக்கிறது.

லயங்கள் இடிந்து அடுக்குமாடி வீடுகள் எழும்பும் காலம் இது. துரைமாரும் போயினர், அவர்தம் ரிவால்வர்களும் போயின. நம் பிள்ளைகள் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை. ஆயினும் ஓர் இடுப்பைக் கண்டதும் அப்பனும் அம்மையும் குரல் தாழ்த்துவதையும், மற்றோர் இடுப்பைக் கண்டதும் முகம் சுளிப்பதையும் அவர்கள் மேசைக்கு எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றனர். துப்பாக்கி அவர்கள் கண்ணிற் படாமற் போகலாம். நம் முகம் படாமற் போகாது.