பழியும் பொறுப்பும்

போதைக்கு அடிமையானவனை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்னும் வினா எம்மவர்க்குப் புதியதன்று. புலவரோடு கள்ளைப் பகிர்ந்துண்ட அதியமானை ஒளவையார் புறநானூற்றிலே நெஞ்சுருகப் பாடினார். சில நூற்றாண்டுகளின் பின் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு மொழியின் இலக்கியத்திலே ஒரே பொருளைப் பற்றி இவ்விரு நோக்குகள் இடம்பெற்றமையைப் பல்கலைக்கழகத்திற் கற்ற காலத்தில் நாம் ஓர் இலக்கியப் பிரச்சினையாகவே கண்டோம். கொழும்புக்கு வடக்கே, களனி ஆற்றுக்கு அப்பாலுள்ள புறநகர்ப் பாடசாலையொன்றில் ஆசிரியப் பணி ஏற்ற பின்னரே, பதினேழு வயதுப் பையன் ஒருவனின் முகத்தோடு அது எம்முன் வந்து நின்றது.

அப்பையனைப் பற்றிப் பின்னர் கூறுவோம். அவன் வாழும் சூழலை முதலில் அறிதல் நன்று. வத்தளை, ஹெந்தளைப் பகுதிகளிலுள்ள தமிழ்க் குடும்பங்களிற் பல, வேறிடங்களிலிருந்து வந்தவை. மலையகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர், போரினால் வடக்குக் கிழக்கிலிருந்து பெயர்ந்தோர், நகரத்து வாடகையைத் தாங்கமாட்டாது ஆற்றைக் கடந்தோர் எனப் பலதிறத்தார் ஒரே ஒழுங்கையில் வாழ்கின்றனர். கிராமத்திலே ஒருவன் குடித்துவிட்டு வீழ்ந்து கிடந்தால் அவனை வைதுகொண்டேனும் தூக்கிச் செல்ல ஒரு மாமனோ மச்சானோ வருவான். மாநகரின் நடுவிலோ அவனை எவரும் அறியார். புறநகரின் நிலை இவ்விரண்டுமன்று. அங்கே அயலவர் ஒருவரைப்பற்றி வம்பு பேசுவதற்குப் போதுமான அளவு அறிந்திருக்கின்றனர்; கைகொடுப்பதற்குப் போதுமான அளவு அறிந்திருப்பதில்லை. சீட்டுக் கட்டவும், மகளுக்கு வரன் பார்க்கவும், வீட்டு வாடகையைப் புதுப்பிக்கவும் நற்பெயர் ஒன்றே முதலாக உள்ள குடும்பம், தன் வீட்டில் ஒருவன் போதைக்கு ஆட்பட்டுள்ளான் என்பதை எவ்வளவு காலம் மறைக்கலாமோ அவ்வளவு காலம் மறைக்கும். அதனைக் கோழைத்தனம் என்று கூற எமக்கு நா எழவில்லை.

“அவனுக்கு யார் ஊற்றிக் கொடுத்தது? தானே குடித்தான், தானே அனுபவிக்கட்டும்” என்பது ஊரவர் வாதம். இதனை அறியாதார் கூற்றென்று ஒதுக்கிவிட முடியாது. எறிந்த கல்லைத் திரும்பப் பெற இயலாதாயினும், எறியாதிருக்கும் ஆற்றல் எறிந்தவனிடம் இருந்ததன்றோ என அரிஸ்டாட்டில் தமது ஒழுக்கவியல் நூலிலே கேட்டார். வெறியிற் செய்த குற்றத்துக்கு இருமடங்கு தண்டம் விதித்த சட்டத்தையும் அவர் அவ்விடத்திலே எடுத்துக்காட்டுகிறார். தருக்கம் செம்மையானதே. ஆனால், தன் கையிலிருப்பது கல்லென அறிந்த ஒருவனை, எறிவதும் எறியாமையும் தன் விருப்பத்துக்குட்பட்ட ஒருவனை, அது முன்கூட்டியே கற்பித்துக்கொள்கிறது. இரவிரவாக லொறியிற் பொதியேற்றும் பையனுக்கு, நித்திரை வராதிருக்க இதனைப் போடு என்று கூட்டாளி ஒருவன் நீட்டும்போது, அவன் எதனைத் தெரிவுசெய்கிறான்? வேலையையா, போதையையா?

அன்றியும், கல் ஒருமுறை எறியப்படுவது. பழக்கமோ உடலையே மாற்றியமைக்கிறது. தொடக்கத்தில் இன்பத்துக்காக உட்கொண்டவன் நாளடைவில் துன்பத்தைத் தவிர்ப்பதற்காகவே உட்கொள்கிறான். பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்து வந்தவன் ஒருநாள் திடீரெனக் குடியை நிறுத்தினால் கைந்நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றக்கூடும். உயிருக்கே ஆபத்து நேர்வதுமுண்டு. மருத்துவரின் கண்காணிப்பிலே படிப்படியாக நிறுத்தவேண்டிய நிலையிலுள்ளவனிடம் “மனமிருந்தால் இன்றைக்கே விடலாம்” என்று நாம் கூறும் அறிவுரை, அறிவுரையாகவும் இல்லை, அறமாகவும் இல்லை.

இனி, எம்முடைய முற்போக்கு நண்பர்களின் விடை. குடி, முதலாளித்துவ அமைப்பின் விளைவு. அமைப்பு மாறினாற் குடியும் மாறும் என்பர். இக்கூற்றுக்கு வரலாற்று ஆதாரம் நிரம்ப உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானிய அரசாங்கம் சாராயம் விற்கும் உரிமையைப் பகுதி பகுதியாக ஏலங்கூறிக் குத்தகைக்கு விட்டது. அக்குத்தகையிற் பொருளீட்டிய குடும்பங்கள் பின்னர் தோட்டங்களும் மாளிகைகளும் வாங்கி, பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பி, நாட்டின் தலைமைப் பதவிகளுக்கும் உரிமை கோரின. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியிற் பெரும் பங்கு, தோட்டத்து எல்லையிலே திறக்கப்பட்ட தவறணைக்குத் திரும்பிச் சென்றது. 1912 ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் வந்தபோது அதற்கெதிராக மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தைச் சாட்டாக வைத்து அதன் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். பின்னர் ஆட்சி கைமாறியது, மதுவரி மாறவில்லை. இன்றும் அரசிறையின் முக்கிய ஊற்றுகளுள் அது ஒன்று. யாழ்ப்பாணத்தின் கதையோ வேறொரு வகை. கள்ளிறக்கியவனைத் தீண்டத்தகாதவனென விலக்கிவைத்து, அவன் இறக்கிய கள்ளை மாத்திரம் இருளில் வாங்கியருந்திய பெரிய மனிதர்களின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரை போதாது.

சூழலின் வன்மைக்கு வேறொரு சான்றும் உண்டு. வியட்நாம் போரிலே ஈடுபட்ட அமெரிக்கப் படையினரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கே அபின் வகைப் போதைக்கு அடிமையாகியிருந்தனர் என்பதை 1970களில் லீ றொபின்ஸ் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். நாடு திரும்பிய பின் அவர்களுட் பெரும்பான்மையோர் அப்பழக்கத்தை விட்டொழித்தனர். போர்க்களம் நீங்கியதும் போதையும் நீங்கியது. ஒழுக்கக் கேட்டினாலேயே மனிதன் அடிமையாகிறான் என்போர்க்கு இதற்குத் தக்க விடை இல்லை.

ஆயினும் எம் நண்பர்களோடு முற்றாக உடன்பட எம்மால் முடியவில்லை. எம் வகுப்பிற் கற்கும் மாணவி ஒருத்தியின் தந்தை துறைமுகத் தொழிலாளி. கைக்கு வந்த கூலியைக் கசிப்புக்குக் கொடுத்துவிட்டு இரவிலே மனைவியை அடிப்பவர். “அவர் அமைப்பின் பலி” என்று அப்பெண்மணியிடம் சென்று கூற எமக்கு என்ன உரிமை இருக்கிறது? அடிவாங்கியவளுக்குக் கோபங்கொள்ளும் உரிமையாவது எஞ்சவேண்டாமா? மேலும், ஒருவன் செய்வதற்கெல்லாம் அமைப்பே பொறுப்பு என்று கூறும்போது, அவனைப் பழியிலிருந்து மீட்பதாக எண்ணிக்கொண்டு, அவன் மனிதன் என்பதையே நாம் மறுத்துவிடுகிறோம். தன் வாழ்வைத் தான் மாற்றவல்லவன் என்னும் நம்பிக்கையை இழந்தவன் எதற்காக எழுந்து நிற்கவேண்டும்? அமைப்பு மாறும் நாள்வரை அவன் தவறணை வாசலிலேயே காத்திருக்கலாம் போலும்!

எனவே பழி வேறு, பொறுப்பு வேறு எனப் பிரித்துக் காண்பதே தகும் என்று நாம் கருதுகிறோம். பழி என்பது நடந்ததைப் பார்த்து ஒருவன்மீது சுமத்துவது. சுமத்தியவர் அதன்பின் தம் வழியே போய்விடலாம். பொறுப்பு என்பது இனி நடக்கவேண்டியதைப் பற்றியது. அதனை ஒருவன் தனியே சுமக்க இயலாது. தன்னை மீட்கும் பொறுப்புப் போதைக்கு ஆட்பட்டவனுக்கு உண்டு. ஆனால் அப்பொறுப்பின் முதற்படி, “என்னால் முடியவில்லை, உதவுங்கள்” என்று ஒருவரிடம் கூறுவதாகும். அவ்வாறு கூறுவோர்க்கு எம் நாட்டில் என்ன நேர்கிறது என்பதை ஆராயாது, “அவன் உதவி தேடவில்லையே” என்று குறைகூறுவது நேர்மையாகாது.

வசதி படைத்தவனுடைய மகன் இப்பழக்கத்துக்கு ஆளானால் அவனைத் தனியார் வைத்தியசாலையிற் சேர்த்து, மகனுக்கு ‘ஈரல் வருத்தம்’ என்று ஊருக்குச் சொல்லிவிடலாம். ஏழையின் மகனுக்குச் சட்டம் முந்திக்கொள்கிறது. 1984 ஆம் ஆண்டு, போதைப்பொருட் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. அதே ஆண்டிலேதான் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் நிறுவப்பட்டது. தண்டனையும் சிகிச்சையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன எனலாம். ஆயின் ஒன்றுக்கே ஊட்டம் கிடைத்தது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், விரும்பி வருவோர்க்குச் சிகிச்சை அளிக்க வழிசெய்ததோடு, விரும்பாதாரை நீதிமன்றக் கட்டளையினால் அனுப்பவும் இடந்தந்தது. பொலனறுவை மாவட்டத்துக் கந்தகாடு நிலையத்துக்கு அவ்வாறு அனுப்பப்பட்டோரிற் பல நூற்றுவர், 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து எழுந்த கலவரத்தின்போது தப்பியோடினர். சிகிச்சை நிலையத்திலிருந்து நோயாளிகள் தப்பியோடுவது ஏன் என்று அன்று எத்தனை பேர் கேட்டனர்? 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்னும் பெயரில் பொலிஸார் தொடங்கிய நடவடிக்கையிலே பல்லாயிரவர் கைதாயினர். அதனை இடைநிறுத்துமாறு ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை வல்லுநர்கள் அடுத்த மாதமே கேட்டுக்கொண்டனர். ஒழுங்கைகளிலே பொலிஸ் வாகனம் வந்து நின்ற அந்நாட்களில், “என் மகன் ஐஸ் பாவிக்கிறான், எங்கே காட்டலாம்?” என்று ஒரு தாய் யாரிடம் வாய்திறந்து கேட்டிருப்பாள்?

உதவி இல்லாமலில்லை. அங்கொடை ஆஸ்பத்திரி இன்று தேசிய மனநல நிறுவகமாக விளங்குகின்றது. 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். 1974 இல் தோன்றிய சுமித்ரயோ இயக்கம் போதைக்கு ஆட்பட்டோர்க்கென மெல் மெதுர என்னும் நிலையத்தை நடத்தி வருகின்றது. ஆனால் ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக வழங்குவோர் நாமே. வகுப்பிலே ஒரு மாணவன் மற்றொருவனை “அங்கொடைக்குப் போ” என்று பகடிபண்ணும்போது நாமும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம். அச்சிரிப்பைக் கேட்டுக்கொண்டு பின்வாங்கில் யார் இருந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பாடசாலைகளில் நாம் செய்வது வேறொன்று. ஆண்டுக்கொருமுறை போதை ஒழிப்பு வாரம் நடத்துகிறோம். மண்டையோடு வரைந்த சுவரொட்டிகளை ஒட்டுகிறோம். மாணவரை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி வாசிப்பிக்கிறோம். கள்ளுண்டு மயங்கியவனுக்கு நியாயம் எடுத்துரைத்தல், நீருள் அமிழ்ந்தவனை விளக்கேந்தித் தேடுவது போன்றதென வள்ளுவர் கூறுவார். அக்குறளைக் குடிப்பவனுக்கு உரைத்த வசையாகவே நாம் ஆண்டுதோறும் கற்பித்து வருகிறோம். விளக்கேந்தி நிற்பவனைப் பற்றியும் அது பேசுகிறது என்பதை மாணவர்க்கு நாம் சொன்னதில்லை.

அப்பையனின் செய்திக்கு வருவோம். உயர்தர வகுப்பிலே தமிழ் கற்றவன். கட்டுரை நன்கு எழுதுவான். இரண்டாம் தவணையில் அவன் மெலிந்து, வகுப்பில் உறங்கத் தொடங்கியபோது, நாம் அவனைத் தனியே அழைத்து வினவினோம். நீ எதனைச் சொன்னாலும் எம்மோடு இருக்கும் என்றும் கூறினோம். அரைமணி நேரம் மௌனமாய் இருந்துவிட்டுச் சொன்னான். பின்னேரங்களில் வேலைசெய்த இடத்தில் ஐஸ் பழகியதையும், இரண்டு முறை விட முயன்று தோற்றதையும் சொன்னான். நாம் அன்றிரவு உறங்கவில்லை. இரண்டாம் நாள், ஏனைய மாணவரின் பாதுகாப்பையும் எமது கடமையையும் காரணங்காட்டி எம்மை நாமே தேற்றிக்கொண்டு, அதனை ஒழுக்காற்றுக் குழுவிடம் தெரிவித்தோம். குழு கூடியது. சிகிச்சை என்ற சொல் அங்கே ஒருமுறைதானும் எழவில்லை. பாடசாலையின் பெயர் என்ற சொற்றொடர் பலமுறை எழுந்தது. நாம் அதனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஒரு கிழமைக்குள் அவனுக்கு விடுகைப்பத்திரம் வழங்கப்பட்டது.

அதனை வாங்க வந்த தாய் எம்மைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. “சேர், நீங்க கேட்டதாலதானே அவன் சொன்னான்” என்றார். அவ்வளவே.

அவ்வாக்கியத்துக்கு விடை காண எமக்கு ஏழு மாதங்கள் சென்றன. விடையென்றும் அதனைச் சொல்ல முடியாது. அவர்களுடைய வீட்டைத் தேடிச் சென்றோம். பையன் முதலில் எம்மோடு பேச மறுத்தான். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. மூன்றாம் முறை சென்றபோது, அங்கொடைக்கு வருவதாயின் நாமும் கூட வருவோம் என்று சொன்னோம். ஒரு புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, தாயும் மகனும் நாமுமாக இரண்டு பஸ் மாறிச் சென்றோம். துண்டு எழுதிய தாதி எம்மை நோக்கி, நோயாளிக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்டார். ஆசிரியர் என்றோம். பையன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளினிக்குக்கு இரண்டாம் முறையும் வந்தான். மூன்றாம் முறை அவன் வரவில்லை. பஸ் தரிப்பிடத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டு நாமும் தாயும் திரும்பினோம். நான்காம் முறை, எமக்கு முன்னரே வந்து நின்றான்.