பச்சை உடம்பும் பாட்டியின் கூலியும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது விருதுநகர் வட்டாரத்தில் இன்னும் மாறாத வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துவருவார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதமாவது ஆகாமல் புகுந்த வீட்டுக்கு அனுப்ப மனம் வராது. பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும், பூண்டும் மிளகும் கூட்டிப் பத்தியம் வைக்க வேண்டும், பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்ய வேண்டும், நடுராத்திரியில் வீறிடுகிற பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனையையும் பாட்டி செய்துவிடுவாள் என்பதால் இதற்கு விலை உண்டு என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூர்ப் பக்கம் அந்த விலை வெளிப்படையாகத் தெரியும். இங்கே பாட்டியாகப் போகிறவளுக்குப் பல வீடுகளில் நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவள். செய்த உருப்படிக்குத்தான் கூலி. மகள் பக்கத்தில் உட்கார்ந்த நாளுக்கு ஒன்றுமில்லை. பிரசவம் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் விழுந்தால், வருஷத்தின் நல்ல கூலியே போயிற்று. ஆலையில் முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து நெருக்கும். ஆகவே பாட்டி பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ வேலைக்குப் போகிறாள். வீட்டில் தாயும் சிசுவும் மட்டும். பாட்டியைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவளுடைய கூலியில்தான் அந்தப் பத்தியக் குழம்பே கொதிக்கிறது.

இதில் ஊருக்கு என்ன கடமை? 'பெற்றவர்கள் பாடு, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்பது ஒரு பதில். கேட்க நியாயமாகக்கூட இருக்கும். ஆனால் இதே ஊர் சாவு வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. அங்கே அடுப்பு எரியாது. உறவும் தெருவும் சோறு கொண்டுவரும். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. பிறந்த வீட்டுக்கோ பார்க்க வருகிறார்கள், பிள்ளை கையில் பணம் வைக்கிறார்கள், காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் காப்பியையும் சில வீடுகளில் தையல் ஆறாத அந்தப் பெண்ணே எழுந்து போட வேண்டியிருக்கிறது. துக்கத்துக்குத் தோள் கொடுக்கப் பழகிய ஊர் பிரசவத்தை மங்கல காரியம் என்று பெயரிட்டு விலகி நின்றுகொள்கிறது.

இப்படி விலகி நிற்பது ஆபத்து. பெற்றவளின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறத்தாழ ஆறு வாரமாகும். அதற்குள் ரத்தப்போக்கும் காய்ச்சலும் உயிருக்கே உலை வைக்கலாம். மனச்சோர்வு இன்னும் மறைவானது. வளரும் நாடுகளில் பிள்ளை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்த நிலையில் இருப்பவளுக்குப் பல நேரம் தன் நிலை தெரியாது. 'இவள் முகம் சரியில்லையே' என்று கண்டுபிடிக்க இன்னொருவர் வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும் என்கிறது தேசியத் திட்டம். இடைப்பட்ட நாட்களில் பார்க்கக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

ஆலைக்கும் இதில் பங்கு உண்டு. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்து வளர்ந்தது இந்த வட்டாரத்தின் செல்வம். அதில் பெண்கள் கையால் ஆன வேலை மிகுதி. மகப்பேறு விடுப்பை 2017 திருத்தம் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயரில்லாமல் ஒப்பந்தத்திலும் வீட்டிலும் உருப்படிக் கணக்கில் உழைப்பவளுக்கு அது எட்டாத பழம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான அரசுத் திட்டம் ஏழைத் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்குத் தருகிறது, பெரிய உதவிதான். பாட்டி இழந்த கூலி மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஊர் உதவட்டும் என்றால் ஊர் ஆளட்டும் என்று பொருளல்ல. பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை வைக்கச் சொல்வது, சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றச் சொல்வது, 'மறுபடியும் பொட்டப்பிள்ளையா?' என்று உச்சுக்கொட்டுவது, பால் பற்றவில்லை என்று தாயின் முகத்துக்கு நேரே தீர்ப்பளிப்பது, இவையெல்லாம் ஊர் ஆதரவு என்ற பெயரில்தான் உள்ளே நுழைகின்றன. தீட்டு என்று மூலையில் உட்கார வைப்பதை ஓய்வு என்று சொல்வோரும் உண்டு. ஓய்வு கிடைப்பது உண்மைதான். ஆனால் தொடக்கூடாதவள் என்ற நினைப்போடு கிடைக்கும் ஓய்வில் மனம் ஆறாது. சோறு கொண்டுவருகிறவர் அறிவுரையை வாசலிலேயே விட்டுவிட்டு வரலாம்.

ஆண்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மாமியார் வீட்டுக்கு விருந்தாளியாக வந்துபோகும் தகப்பன் குழந்தைத் துணி துவைத்தால் மானம் போகாது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பட்டாசுக் கூலிக்கு இல்லை. இருந்தாலும் தண்ணீர் பிடிக்கவும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் விடுப்பு தேவையில்லை.

தெருவில் பத்து வீடு முறை வைத்துப் பகலில் ஒருவர் துணையிருந்தால், மகளோடு முழுதும் இருந்தால் பாட்டி இழக்கக்கூடிய மூன்று மாதக் கூலி, வாரத்துக்கு ஓரிரு நாள் கூலியாகச் சுருங்கும். அந்த நாட்களுக்கு முன்பணத்தைக் கேட்டு நெருக்காதீர்கள் என்று ஆலைக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லவும் ஆள் வேண்டும். மாரியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போட்டு, வீடு வீடாக வசூலித்து, தராதவரிடம் காரணமும் கேட்கத் தெரிந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிய வேலையல்ல.