ஊர் தரும் விடுதலை

இளம் வயதில் குற்றமிழைத்த சிறுவன் ஒருவன், சிறப்பு இல்லத்தில் தனக்கு விதிக்கப்பட்ட காலத்தைக் கழித்து வீடு திரும்புகிறான். அவனுடைய தண்டனை அன்றோடு முடிந்துவிடுகிறதா?

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயம் கூறும் அங்குலிமாலனின் வரலாறு இக்கேள்வியோடு தொடர்புடையது. பலரைக் கொன்று, அவர்களுடைய விரல்களை மாலையாக அணிந்திருந்த அவன், புத்தரைச் சந்தித்துத் துறவியானான். அவனைப் பிடிக்க ஐந்நூறு குதிரை வீரர்களுடன் புறப்பட்ட கோசல மன்னன் பசேனதி, அவனது துறவுக் கோலத்தைக் கண்டு வணங்கி, உடையும் உணவும் அளிக்க முன்வந்தான். ஆனால் பிச்சைக்குச் சென்ற அவன்மீது மண்ணாங்கட்டிகளும் கோல்களும் விழுந்தன. தலையில் குருதி வழிய, உடைந்த திருவோட்டுடன் அவன் திரும்பினான். அரசன் மன்னித்தான், ஊர் மன்னிக்கவில்லை.

நம் நாட்டிலும் சட்டம் அம்மன்னனைப் போலவே கனிவுடன் நடந்துகொள்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ‘புதிய தொடக்கம்’ என்பதைத் தன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. சிறப்பு இல்லத்தில் வைக்கும் காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவதை 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. கொடுங்குற்ற வழக்கில் சிக்கிய 16 வயது கடந்தோர் சிலர் நீங்கலாக, மற்றவர்களைப் பழைய குற்றத்தால் வரும் தகுதியிழப்பு தொடரக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டுச் செல்வோருக்குப் பொருளுதவி செய்யவும் இச்சட்டத்தில் இடமுண்டு.

ஆயினும் சட்டத்தால் கோப்பைத்தான் அழிக்க முடியும். தெருவின் நினைவை அழிக்க இயலாது. வேலை கேட்டுச் செல்லும் பட்டறையில், வாடகைக்குக் கேட்கும் வீட்டில், மீண்டும் சேர விரும்பும் பள்ளியில், “அந்தப் பையனா?” என்ற ஒரு சொல் அவனுக்கு முன்பே போய் நிற்கிறது. எல்லாக் கதவுகளும் மூடிய பின், அவனுக்காகத் திறந்திருப்பது பழைய கூட்டாளிகளின் கதவு மட்டுமே.

“செய்த வினையை அனுபவிக்கத்தானே வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் வினைப்பயனை வழங்கும் பணியை யாரும் நம்மிடம் ஒப்படைக்கவில்லை. இன்றைய நற்செயல் நாளைய வாழ்வை மாற்றும் என்பதும் கர்ம நியதியின் ஒரு பாதியே. அந்த நற்செயலுக்கான வாய்ப்பை மறுப்பது நாம் செய்யும் வினை; அதன் பயன் நம்முடையது. துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி புத்தர் அங்குலிமாலனிடம் கூறினார். அது தவறு செய்தவனுக்குரிய உபதேசம். எறிபவர்களுக்கு அளித்த அனுமதி அன்று.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவரின் கண்ணீருக்கு என்ன பதில்? அவரை மன்னிக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. மன்னிப்பதும் மறுப்பதும் அவருடைய உரிமை. ஆனால் காயப்படாத நாம் எறியும் கல் அவருடைய வலியைச் சிறிதும் குறைப்பதில்லை. திரும்பி வந்தவன் மீண்டும் தவறாமல் இருப்பதே இன்னொரு வீட்டில் அத்தகைய கண்ணீர் சிந்தாதிருக்க வழி.

கண்மூடித்தனமான நம்பிக்கை தேவையில்லை. பட்டறைக்காரர் தம் கண்பார்வையில் வைத்துத் தொழில் கற்பிக்கலாம். ஆசிரியர் வகுப்பில் ஓர் இடம் தரலாம். அண்டை வீட்டார் அவனைக் குற்றத்தால் அல்லாமல் பெயரால் அழைக்கலாம்.

அங்குலிமாலன் தாக்கப்படும் முன்பே, பிரசவ வேதனையில் தவித்த ஒரு பெண்ணுக்காகச் சத்திய வாக்கு உரைத்துத் தாயும் சேயும் நலம்பெறச் செய்திருந்தான் என்கிறது அந்நூல். கல்லெறிந்தவர்கள் அவனுடைய நேற்றை மட்டுமே கண்டார்கள். நம் தெருவுக்குத் திரும்பும் சிறுவனின் இன்றைக் காண நாம் ஆயத்தமாக இருக்கிறோமா?