டீசலுக்கு ஒப்பாரி இல்லை

நீராவி என்ஜின் போனபோது அழ ஆளிருந்தது. கவிதை எழுதினார்கள், கரி படிந்த முகங்களைப் படமெடுத்தார்கள், மிச்சமிருந்தவற்றைத் துடைத்துப் பளபளப்பாக்கி ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி ஏற்றினார்கள். டீசலுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஒரு தலைமுறைக் காலம் மெயிலையும் கூட்ஸையும் இழுத்துவிட்டு, பெரும்பாலானவை சத்தமில்லாமல் இரும்பு விலைக்குப் போயின. சத்தமே அவற்றின் அடையாளம் என்பதால் இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது.

*

திருத்தணி ஸ்டேஷனில் டீசலைக் கேட்டு வளர்ந்தவன் நான். சென்னையிலிருந்து மும்பை போகும் பழைய பாதை இது. மெட்ராஸ் ரயில்வேயின் தண்டவாளம் 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துத் தண்டவாளத்தோடு கை கோத்தது. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் பொன்பாடி. அதற்கடுத்தது வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. போர்டைப் படித்து முடிப்பதற்குள் வண்டி ஆந்திராவுக்குள் போயிருக்கும். எல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. பிளாட்பாரத்து டீக்காரருக்கு அந்த எல்லைக்கோடு இன்னும் தெரியாது. தெலுங்கில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் அதே டீ.

*

மின்கம்பி எங்களுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. பக்கத்து அரக்கோணத்தில் மின்சார என்ஜின் ஷெட்டே இருக்கிறது. இருந்தும் மும்பை வண்டிகள் பல ஆண்டுகள் கம்பிக்குக் கீழேயே டீசலில் ஓடின. நடுவழியில் கம்பி இல்லாத தூரம் நிறைய இருந்தது. இடையில் என்ஜின் மாற்றுவது வீண் வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு அது எதிர்பாராமல் கிடைத்த நீட்டிப்பு.

*

நான் கேட்டு வளர்ந்த டீசலின் பெயர் டபிள்யூடிஎம்-2. அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவம். வாரணாசியில் கட்டிய முதல் என்ஜினை 1964 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அரியலூர் விபத்துக்குப் பொறுப்பேற்று 1956இல் ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு இறங்கிய அதே சாஸ்திரி.

பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று, வேகப்படியின் உச்சமான எட்டாவது நாட்ச்சில் 1,000. எண்கள் இவ்வளவுதான். சிக்னலுக்காக நின்ற வண்டி புறப்படும் நேரம்தான் விசேஷம். சிமெண்ட் பெஞ்சில் கை வைத்தால் உள்ளங்கையில் அதிர்வு தெரியும். டிரைவர் நாட்ச்சை ஏற்றியதும் எண்ணெய் முதலில் பாயும். டர்போ சுழன்று வேகம் பிடித்துக் காற்றை அழுத்தித் தருவதற்குக் கொஞ்ச நேரமாகும். அந்த இடைவெளியில் எரிந்தும் எரியாத எண்ணெய்தான் தூண் தூணாக எழும் கரும்புகை. பிறகு டர்போவின் ஊளை, புகை வெளுத்துக் காணாமல் போகும். புகை போன பிறகும் என்ஜின் கூரைமேல் அனல் நெளிந்துகொண்டிருக்கும். அதனூடே பார்த்தால் மலைமேல் முருகன் கோயில் கோபுரம் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடும்.

*

எனக்குப் பிடித்தது புறப்பாடு இல்லை, நிற்பது. டீசலை எளிதில் அணைக்க மாட்டார்கள். மறுபடி கிளப்புவது பாட்டரியைப் பொறுத்த விஷயம். ஆகவே வேலை இல்லாதபோதும் மணிக்கணக்கில் தானாக முணுமுணுத்துக்கொண்டு நிற்கும். கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில் அது கிடையாது. போர் முடித்துச் சினம் ஆறி வந்த இடம் என்று ஐதீகம். சாமிக்குப் புஷ்பாஞ்சலி செய்வார்கள். இத்தனை பலத்தை வைத்துக்கொண்டு இழுக்காமல் நிற்கும் என்ஜினைப் பார்க்கையில் எனக்கு அது நினைவுக்கு வரும். பக்தி உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

*

இப்போது அந்தக் குரலைக் கேட்க நீலகிரிக்குப் போகவேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை ஏறுவது பல்சக்கர நீராவி. அதற்காகத்தான் உலகமே டிக்கெட் எடுக்கிறது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை. குன்னூரில் நீராவியைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுகிறார்கள். பெட்டியில் ஒரு பெருமூச்சு எழும்: "அட, டீசலா!" செல்போன்கள் பைக்குள் போகும்.

அது ஒய்டிஎம்-4. மீட்டர்கேஜுக்கான ஆல்கோ, ஆறு சிலிண்டர், பெரியதற்குத் தம்பி. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வளைந்து ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அதன் குரல் மாறுகிறது. மலைச்சரிவில் மோதித் திரும்பும்போது கனமாக, கேத்திப் பள்ளத்தாக்கு திறக்கும்போது சன்னமாக. சென்ற முறை எல்லோரும் தேயிலைச் சரிவைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதிர் இருக்கைப் பாட்டி, "தலை சுத்துதா தம்பி?" என்று எலுமிச்சம்பழம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், விளக்கவில்லை.

பாரம்பரியம் என்று எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அந்தப் பாதையின் மேல்பாதியில் அன்றாடம் உழைப்பது டீசல்தான். விளம்பரப் படத்தில் நிற்பது நீராவி.

*

ஆனாலும் ஏக்கத்துக்கு ஓர் அளவு வேண்டும். டீசலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஒருமுறை இந்த ராகத்தையெல்லாம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டார். "என்ஜினோட நீளமான பக்கம் முன்னால இருந்தா பாதை பாதிதான் தெரியும் தம்பி. அசிஸ்டெண்ட் அந்தப் பக்கத்திலிருந்து சிக்னலைக் கத்துவார், நான் திருப்பிக் கத்தணும். வீட்டுக்கு வந்தாலும் கத்தித்தான் பேசுவேன், பிள்ளைங்க சண்டைன்னு நினைச்சுக்கும். கம்பி வண்டி வந்தப்புறம்தான் நிம்மதி." அந்த நிம்மதியை மறுக்க எனக்கு உரிமை இல்லை. டீசல் ஷெட்டை ஒட்டி வாழ்ந்து, காயப்போட்ட வெள்ளை வேட்டியைக் கறுப்பாக எடுத்தவர்களும் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டத்தை இன்று மின்சார ரயில்கள் புகையில்லாமல் கொண்டுவந்து இறக்குகின்றன. பூக்காவடியில் கரி விழுவதில்லை. நல்லதுதான். அடுத்த தடவை ஊட்டிக்கு மட்டும் என்ஜினை ஒட்டிய பெட்டியில் இடம் கேட்கப்போகிறேன். வீட்டில் உள்ளவர்கள் நடுப்பெட்டிதான் வேண்டும் என்கிறார்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது.